துரைமார் பேரத்தில் இல்லாத ஷரத்து

காமயகவுண்டன்பட்டியிலும் சுற்று ஊர்களிலும் விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்டம் போய்த் திரும்பும் தோழர்களுக்கு மலையின் பாட்டை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மலை எப்படிக் கைமாறியது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மூணாறுத் தோட்டத் தொழிலாளி சொந்த வீட்டுக்குப் பட்டா கேட்டால் ஒப்பந்தம், குத்தகை, சட்டம் என்று காகிதங்களைக் காட்டுகிறார்கள். சரி, அந்தக் காகிதங்களையே பார்ப்போம்.

1877 ஜூலை 11-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைத் துரை, பூஞ்சாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். ரொக்கம் 5,000 ரூபாய். வருஷத்துக்கு 3,000 ரூபாய். நிலமோ 200 சதுர மைலுக்கு மேல்! ஏக்கருக்கு அரையணாகூட விழவில்லை. திருவிதாங்கூர் சர்க்காரும் இதற்குச் சம்மதித்தது. 1886-ல் நம் பெரியாற்று அணைக்கு 8,000 ஏக்கரை 999 வருஷத்துக்கு எழுதியபோது, அதே திருவிதாங்கூர் ஏக்கருக்கு 5 ரூபாய் கேட்டு வாங்கியது. அதாவது, தோட்டத் துரைக்கு ஒரு விலை, தண்ணீருக்கு வேறொரு விலை.

1897-ல் கம்பெனி பிறந்தது. தேயிலைக்கு ராஜபாட்டையும் பிறந்தது. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு பூட்டி இழுத்தார்கள். 1908-ல் அதை எடுத்துவிட்டு ரயிலே விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டி நோகாமல் இறங்கி, போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. பெட்டி இறங்கிய அதே சரிவில் நம் பாட்டன் பாட்டிமார் மூட்டையும் பிள்ளையுமாக நடந்து ஏறினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது லயம்: ஒரு அறை, ஒரு அடுப்பு. வேலை ஓய்ந்த அன்றே அதுவும் போய்விடும். மில் லைன் வீட்டில் வாழ்ந்த பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதிய கதை அல்ல.

1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமை ஆக்கியது. 1981-ல் அதில் ஒரு திருத்தம் வந்தது. வீடு இடிந்து தொழிலாளி செத்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் வேண்டாம்! மழைக்கும் மண்சரிவுக்கும் பேர்போன மலையில் இந்த விதிவிலக்கு யாருக்காக எழுதப்பட்டது? 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயத்தில் உறங்கியவர்கள் 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. 2025 நவம்பரில் பழைய சட்டமும் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. வீடு கொடுக்கும் கடமை அதிலும் பேசப்படுகிறது. வீட்டின் மீது உரிமை அதிலும் இல்லை.

தோழர் அச்சுத மேனன் மந்திரிசபை 1971-ல் சட்டம் போட்டு இந்த மலையை மீட்டது. 1972-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. விவசாயத் தொழிலாளிக்கு நிலம் பகிர்ந்தளிப்பதும் அச்சட்டத்தின் நோக்கம். ஆனால் தேயிலை சாகுபடி என்று 57,000 ஏக்கர் கம்பெனியிடமே தங்கியது. 2005-ல் தோட்டங்கள் புதுக் கம்பெனிக்கு மாறியபோது தொழிலாளிகளையும் பங்குதாரர் ஆக்கினார்கள். பங்குப் பத்திரம் கையில் இருக்கிறது, தலைக்கு மேல் கூரை மட்டும் சொந்தமில்லை. விசித்திரமான பங்குதாரர்கள்தான்!

மலையின் இந்தப் பக்கமும் கதை வேறல்ல. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 வருஷத்துக்கு விட்ட மாஞ்சோலையில், குத்தகை முடியுமுன்னே 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வுக் காகிதத்தை நீட்டி வீட்டைக் காலி செய்யச் சொன்னது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்தவர்கள் எங்கே போவது என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது.

ஆகவே நாம் கேட்பது இது: கேரள சர்க்காரானாலும் தமிழக சர்க்காரானாலும், கம்பெனிகளோடு உட்கார்ந்து ஏக்கர் கணக்கும் வரிக் கணக்கும் பேசுமுன் முதல் ஷரத்தாக எழுதட்டும்: சரிவில்லாத இடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுமனை, பட்டா, கொழுந்து கிள்ளும் பெண்ணின் பேரில், அதுவும் அவள் ஓய்வு பெறுமுன்.