ஒளியை முந்துவோரும் காத்திருப்போரும்

விண்வெளிக் கதைகளில் ஒரு மோசடி நெடுங்காலமாக நடந்து வருகிறது. கதாநாயகன் ஒளியினும் விரைந்து செல்லும் கலத்தில் ஏறுகிறான். தொலைதூர விண்மீன்களைச் சுற்றிப் பார்க்கிறான். சில நாட்களில் வீடு திரும்புகிறான். தாய் அதே வயதில் வாசலில் நிற்கிறாள்! வேறு சிலரோ, ஒளியை முந்தியதாலேயே அவன் இளமை குன்றாது மீண்டான் என்று எழுதுகின்றனர். முன்னது வசதிக்காகச் சொன்ன பொய், பின்னது அறியாமை.

ஐன்ஸ்டைன் 1905இல் கூறியது என்ன? விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும். ஒளிவேகத்தில் 99.5 விழுக்காட்டு வேகத்தில் செல்பவனுக்கு ஓராண்டு கழிகையில் பூமியில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்துவிடும். இதற்கு ஒளியை முந்த வேண்டியதில்லை. முந்தினால் அந்தச் சூத்திரமே பொருளற்றுப் போகும். 1971இல் அணுக்கடிகாரங்களை விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து, கால வேறுபாட்டை அளந்தும் காட்டிவிட்டார்கள்.

"கதைக்குக் கணக்கு எதற்கு?" என்பர் சிலர். கணக்குப் பிழையை மன்னித்துவிடலாம். ஆனால் அந்தப் பத்தாண்டுகளை அழிக்கும் எழுத்தாளன், மண்ணில் விடப்பட்டவர்களின் வாழ்வையே அழிக்கிறான். இதை எவ்வாறு மன்னிப்பது?

பசறைத் தோட்டத்து வாசகனுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 நாடற்றோரைத் தானியம்போல் அளந்து பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளப்படுமாம்! கோச்சியேறித் தலைமன்னார் சென்று கடல் கடந்த அண்ணன் நீலகிரியில் முதுமையடைந்தான். லயத்தில் நின்றுவிட்ட தங்கை அவன் கடிதத்தை எதிர்பார்த்தே நரைத்தாள். இது இயற்பியல் அன்று என்பதை அறிவேன். எனினும் பயணத்தின் விலையை யார் செலுத்துவது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானதே.

ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் மறையும்வரை இந்நாட்டையே தம் இல்லமாகக் கொண்டவர். 1986இல் வெளிவந்த 'தொலைதூரப் பூமியின் பாடல்கள்' என்ற நாவலில், ஒளியை முந்தும் கலத்தை அவர் வேண்டுமென்றே விலக்கினார். பயணி உறைதூக்கத்தில் கிடக்க, அவனை நேசித்தவள் தன் ஆயுளை வாழ்ந்து முடித்து மறைகிறாள். அந்த இழப்பே நாவலின் உயிர்.

பிரமலோகம் சென்று மீண்ட ரைவத மன்னனின் கதையைச் சொன்ன பௌராணிகனும், மண்ணில் யுகங்கள் கழிந்ததையும், மகளுக்கென எண்ணிய மணமகன்கள் மடிந்ததையும் மறைக்கவில்லை. அவன் சார்பியலை அறிந்திருந்தான் என்று வீண்பெருமை பேச வேண்டாம். அவனது நேர்மையைக் கற்றால் போதும்.

தமிழ் எழுத்தாளர்களே! விண்மீன்களுக்குச் செல்லுங்கள், கற்பனைக்கு யாரும் வேலியிட வரவில்லை. ஆனால் திரும்பி வந்தவன் தன் வீட்டு வாசலில் யாரைக் காண்கிறான், யாரைக் காணவில்லை என்பதையும் எழுதுங்கள்.