ஆறாவது எண் புகட்டும் பாடம்

இரணைமடுக்குளம் ஐந்தாண்டுகள் அடுத்தடுத்து நிறைந்தாலும், ஆறாம் ஆண்டும் நிறையுமெனக் கிளிநொச்சி உழவர் உறுதி கூறார். மாரி பொய்ப்பதும் உண்டென்பதை அவர் அறிவார். இவ்வெச்சரிக்கை கணிதத்திற்கும் வேண்டும் என்பதை 4294967297 என்னும் எண் நமக்குக் காட்டுகிறது.

காலபோக நெல்லில் ஒரு மணியை எடுத்துக்கொள்வோம். அதனை 32 முறை இரட்டித்து, மேலும் ஒரு மணியைச் சேர்த்தால் இத்தொகை வரும். ஆயிரம் மணிகள் 25 கிராம் எனக் கொண்டால், அந்நெல் ஏறத்தாழ 107 தொன் நிறுக்கும்!

ஒன்றை 1, 2, 4, 8, 16 முறை இரட்டித்து, ஒவ்வொரு விடையுடனும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 ஆகியவை கிடைக்கும். இவை ஐந்தும் முதன்மை எண்கள். ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றிப் பிரிபடாதவை. 32, 64 என இவ்வரிசையில் தொடர்ந்து வருவனவும் அவ்வாறே இருக்குமெனப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா நம்பினார்.

ஆறாவது எண் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கிற்று. அது 641ஐ 6700417ஆற் பெருக்க வருவது என்பதை 1732இல் ஆய்லர் கண்டறிந்தார். அதற்கு அப்பால் இவ்வரிசையில் ஒரு முதன்மை எண்ணேனும் இன்றுவரை அகப்படவில்லை.

ஐந்து சான்றுகள் ஒரு விதியை நிலைநாட்டா. ஒரே மறுப்பு அதனை வீழ்த்திவிடும். பெரியோர் கூறினார் என்பதற்காக ஆராயாது ஏற்றலும் ஆகாது. அவர் தவறினார் என்று எள்ளலும் ஆகாது. மாணவச் செல்வங்களே, தாளும் எழுதுகோலும் எடுத்து, அவ்வெண்ணை 641ஆல் நீங்களே வகுத்துப் பாருங்கள்.