அளந்து பாருங்கள்; பிறகு நிறுத்துங்கள்!



சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவர் பருவத் தேர்வுக்கு அரைமணி நேரம் தாமதமாக ஓடி வந்தார். "அலாரம் அடிக்கவில்லை, சார்" என்றார். விசாரித்தபோது காரணம் தெரிந்தது. கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீர்கிறதே என்று, முதல் நாள் இரவு அமைப்புகளைத் திறந்து, பின்னணியில் ஓடும் செயலிகளை எல்லாம் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுத்து நிறுத்தியிருக்கிறார். அவற்றுள் கடிகாரமும் ஒன்று! அவ்வாறு நிறுத்தப்பட்ட செயலி, நாம் மீண்டும் திறக்கும்வரை எழாது. அதில் வைத்த அலாரமும் அடிக்காது.

'எல்லாவற்றையும் நிறுத்து' என்னும் இந்தப் பழக்கம் அறிவியல் முறை அன்று என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

திரையில் தெரியாமல் நடக்கும் வேலையைப் பின்னணிச் சேவை என்கிறோம். செய்தி வருகிறதா என்று கவனிப்பது, பாட்டை ஒலிப்பது, இருப்பிடத்தைக் கணிப்பது ஆகியவை இத்தகையவை. ஆனால் நினைவகத்தில் இருப்பது வேறு. வேலை செய்வது வேறு. மேசைமேல் மூடி வைத்த புத்தகம் இடத்தை அடைக்கும். உங்கள் கண்ணுக்கு வேலை தராது. நீங்கள் பயன்படுத்திவிட்டு வெளியேறிய செயலிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் கிடக்கின்றன. நினைவகம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அதற்குச் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றே. இடம் போதாதபோது ஆண்ட்ராய்டு தானே சிலவற்றை அகற்றிவிடும். நாம் முந்திக்கொண்டு அகற்றினால், அடுத்த முறை அதே செயலியை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் கூடுதல் ஆற்றல் வேண்டும்.

மேலும், 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கைப்பேசி அசையாமல், திரை அணைந்து, மின்னேற்றியில் இணைக்கப்படாமல் இருந்தால் அது ஒருவித உறக்கத்துக்குச் சென்றுவிடுகிறது. அவசரமற்ற வேலைகள் ஒத்திவைக்கப்பட்டு, இடையிடையே சிறிது நேரம் விழிக்கும்போது மொத்தமாக முடிக்கப்படுகின்றன. 'ஒரே தொடுதலில் வேகம்' என்று ஆசை காட்டும் செயலிகளை நிறுவுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தச் செயலியே பின்னணியில் ஓடும் மற்றொரு சேவை அல்லவா?

அப்படியானால் எதையும் கவனிக்க வேண்டாமா? கட்டாயம் கவனிக்க வேண்டும். உறங்கும் கைப்பேசியைத் தூக்கத்திலிருந்து அடிக்கடி எழுப்பி, இருப்பிடத்தையும் இணையத்தையும் ஓயாது நாடும் செயலிகள் சில உண்டு. அவைதான் உண்மையான குற்றவாளிகள். அவற்றைக் கண்டுபிடிக்க ஊகம் உதவாது, அளவீடு உதவும்.

ஒரு சிறு கணக்கு. உங்கள் மின்கலம் 5000 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது என்று கொள்வோம். இரவு 10 மணிக்கு 90 விழுக்காடு. காலை 6 மணிக்கு 84. குறைந்தது 6 விழுக்காடு, அதாவது 300 மில்லி ஆம்பியர்-மணி. இதை 8 மணியால் வகுத்தால், சராசரியாக 37.5 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் இரவு முழுதும் ஓடியிருக்கிறது. நீங்கள் பாடத்தில் படித்த மின்னூட்டமும் மின்னோட்டமும் இதோ உங்கள் மேசைமேலேயே இருக்கின்றன!

இப்படி மூன்று இரவுகள் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி ஒரே இடத்தில் இருக்கட்டும். கோபுரத்தின் சமிக்ஞை வலுவிழந்த இடத்தில் கைப்பேசி கூடுதல் ஆற்றலைச் செலவிடும். பிறகு அமைப்புகளில் 'பேட்டரி' பகுதியைத் திறந்து, நீங்கள் தொடாமலே மிகுதியாகச் செலவழித்த செயலி எது என்று பாருங்கள். அந்த ஒன்றின் பின்னணிப் பயன்பாட்டை மட்டும் கட்டுப்படுத்துங்கள். வேறு எதையும் மாற்றாதீர்கள். மீண்டும் மூன்று இரவுகள் அளவெடுங்கள். ஒரு விழுக்காடு வேறுபாட்டைப் பெரிதாக எண்ண வேண்டாம். உங்கள் அளவுகோலின் மிகச் சிறிய பிரிவே அதுதான். பெயர் தெரியாத அமைப்புச் சேவைகளைத் தொடவே வேண்டாம்.

இருப்பிடத்தை எப்போதும் அறிய அனுமதி பெற்றுள்ள செயலிகளையும் ஒருமுறை பாருங்கள். ஒரு விளையாட்டுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எதற்கு? இங்கே மின்கலத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த அனுமதியை நீக்குவதற்கு மட்டும் எந்த அளவீடும் தேவையில்லை.

மற்றவற்றுக்கு ஆறு இரவுகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். கிடைத்த எண்களை அட்டவணையாக்கி, உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். செயலி உண்மையில் குற்றவாளியா என்பதை அவரோடு விவாதியுங்கள். குற்றம் நிறுவப்பட்ட பின் தாராளமாக நிறுத்துங்கள். கடிகாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், தேர்வு வருகிறது!