கிராஸிங்கில் நிற்கும் பிள்ளைகள்

போத்தனூர் ஜங்ஷன் வழியாகப் பாஸெஞ்சர் வண்டியில் பிரயாணம் செய்தவர்களுக்குக் 'கிராஸிங்' என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. வண்டி நன்றாகத்தான் வந்துகொண்டிருக்கும். எஞ்சினில் கோளாறு கிடையாது; டிரைவர் மீதும் குற்றம் கிடையாது. ஆயினும் எக்ஸ்பிரஸ் ஒன்று வருகிறதென்று அதைப் பக்கத்து லைனில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்பிரஸ் போகும்; பின்னோடு இன்னொன்றும் போகும். பாஸெஞ்சர் மட்டும் நின்றுகொண்டேயிருக்கும். 1862-ம் வருஷத்திலிருந்து ரயிலைக் கண்டுவரும் இவ்வூராருக்கு இது பழகிப்போன சங்கதி.

சென்ற மாதம் ஒரு மாலை, இவ்வூர் ரயில்வே காலனிப் பக்கம் பிள்ளைகள் கால்பந்து ஆடுவதைப் பார்த்து நின்றோம். அருகில் நின்ற பெரியவர் ஒருவர் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். "ஏனுங்க, எங்க பையனும் இங்கே ஆடினவன்தானுங்க. பெரிய கிளப்பிலே கூப்பிட்டு எடுத்துக்கிட்டாங்க. வருஷம் ஒண்ணாச்சு, பெஞ்சிலேயே உட்கார வெச்சிருக்காங்க. அவனுக்குத் திறமை போதலீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி நம்முடன் வீடு வரையில் வந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் எதிர்காலம் மட்டுமல்ல, காலேஜ் படிப்பை நிறுத்தி அவனை அனுப்பிய ஒரு குடும்பத்தின் நம்பிக்கையும் அதில் அடங்கியிருந்தது.

திறமை போதவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது பாதி உண்மைகூட அல்ல. பள்ளிக்கூட மைதானத்தில் பந்து காலுக்கு வந்தபின் யோசிக்க அவகாசம் உண்டு. பெரிய பந்தயத்தில் பந்து வருவதற்கு முன்பே யோசித்து முடித்திருக்க வேண்டும். எதிரி அதற்குள் மேலே வந்து விழுந்துவிடுவான். இந்த வித்தை பயிற்சியினால் மட்டும் வருவதில்லை. தோற்றால் அவமானம், ஜெயித்தால் ஆரவாரம் என்கிற நிஜமான பந்தயத்தில் தப்புச் செய்து, திருத்திக்கொண்டு, மறு வாரமும் இறங்கி ஆடினால்தான் வரும். நீச்சலைக் கரையில் நின்று கற்றவர் உண்டோ?

தப்புச் செய்ய இடங்கொடுப்பது யார் என்பதே சங்கடம். பெரிய சங்கத்தின் பயிற்சியாளருக்கு நாலு ஆட்டம் தோற்றால் வேலை போய்விடும். அவர் பழுத்த ஆட்டக்காரரைத்தான் இறக்குவார். இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் ஆரம்பித்தபோது களத்திலிருக்கும் பதினொருவரில் ஆறு பேர் வரை அயல்நாட்டார் இருக்கலாம். 2021-22 பருவத்தில்தான் அது நாலாகக் குறைந்தது. அந்த இடங்களும் பெரும்பாலும் கோல் போடும் முன்னணி இடங்களும், நடுக்களத்து முக்கிய இடங்களுமே. நம் தேசிய அணி கோலுக்குத் தவிப்பதன் காரணத்தை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஜீக்ஸன் சிங் என்னும் மணிப்பூர் வாலிபரின் கதையைக் கேளுங்கள். 2017 அக்டோபர் 9-ந் தேதி டில்லியில், பதினேழு வயதிற்குட்பட்டோர் உலகக் கோப்பையில், கொலம்பியாவுக்கு எதிராக அவர் கோல் போட்டார். உலகக் கோப்பைப் பந்தயங்களில் பாரதம் போட்ட முதல் கோல் அதுதான். மறு வருஷம் கேரளா பிளாஸ்டர்ஸ் சங்கம் அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் உடனே பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. வாலிபர்கள் மட்டுமே ஆடிவந்த இந்தியன் ஆரோஸ் அணிக்கு இரவலாக அனுப்பியது. அங்கே வாராவாரம் ஆடித் தேறித் திரும்பியவர், 2019-ல் பெரிய அணியில் இறங்கினார். இங்கிலாந்தின் ஹாரி கேன் கூட, டாட்டன்ஹாம் அணியில் நிலைபெறுமுன் நாலு சங்கங்களுக்கு இரவல் போனவர்தான்!

நம் கோயமுத்தூரிலும் இத்தகைய படி ஒன்று இருந்தது. சென்னை சிட்டி சங்கம் நேரு ஸ்டேடியத்தைத் தன் இல்லமாக்கிக்கொண்டு ஆடிற்று. 2019 மார்ச் 9-ந் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று இரண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா என்னும் இளைஞர். அதே சங்கத்தில் 2017-ல் ஆடிய நந்தகுமார், டில்லி, ஒடிசா என்று படிப்படியாக ஏறி, 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்கக் கோல் போட்டார். ஆறு வருஷம் பிடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் சென்னை சிட்டி 2020-21 பருவத்திற்குப்பின் ஐ-லீக்கில் இல்லை. இந்தியன் ஆரோஸும் 2022-ல் கலைக்கப்பட்டது. ஏணியின் நடுப்படிகளைக் கழற்றிவிட்டு, பிள்ளை ஏன் மேலே தாவவில்லை என்று கேட்கிறோம்! ரயில்வே அணி 1960-களில் மூன்று தடவை சந்தோஷ் டிராபியை வென்ற காலத்தில், ஆட்டக்காரனுக்கு உத்தியோகமும் இருந்தது. ஆட இடமும் இருந்தது. பழைய ஏற்பாட்டில் குறைகள் உண்டு என்றாலும், நடுப்படி இருந்ததை மறுக்க முடியாது.

ஆகவே, பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய சங்கம் அழைக்கும்போது, "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கிறோம், அது நியாயமே. அத்துடன், "வருஷத்தில் எத்தனை பந்தயம் ஆடுவான்? உங்களிடம் இடமில்லையானால் ஆட எங்கே அனுப்புவீர்கள்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், பேர் சின்னதாயினும் ஆடவிடும் சங்கமே மேல். படிப்பை அடியோடு நிறுத்தவும் வேண்டாம்.

அந்தப் பெரியவருக்கும் நாம் சொல்வது இதுதான்: உங்கள் பிள்ளையின் எஞ்சினில் பழுதில்லை, ஐயா. ஸிக்னல் விழவில்லை. அது விழும் வரையில் காத்திராமல், வண்டி ஓடக்கூடிய வேறொரு லைனை இப்போதே தேடுங்கள்.