கைம்பெண்ணின் உரிமையும் மறுமணமும்

கடலையும் கந்தோரையும் நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்தது, புத்தளம் முதல் சிலாபம் வரையுள்ள நம் கரையோரம். கடலுக்குச் சென்றவன் மீளாவிடின் அவன் மனைவிக்குச் சுற்றத்தாரே துணை. உத்தியோகத்தர் மறைந்தால், அவர் மனைவிக்கு ஓய்வூதியம் துணையாகின்றது. இலங்கையில் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதிக்கான கட்டளைச் சட்டம் 1898ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அந்நிதிக்கு உத்தியோகத்தர் தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பங்கு செலுத்துவர். ஆகவே அவள் பெறுவது பிச்சையன்று. கணவன் உழைத்துச் சேர்த்த பொருள்.

அவள் மறுமணஞ் செய்தால் அப்பொருள் நின்றுவிடல் வேண்டுமா? புதிய கணவன் காப்பான் என்பதே பழைய சட்டங்கள் கூறிய காரணம். 1925ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டமும் மறுமணத்தோடு விதவையின் ஓய்வூதியத்தை நிறுத்தியது. பாரதத்தில் 1856ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைகளின் மறுமணத்தை ஏற்றது; ஆனால் மணந்தவள் முதற் கணவனின் சொத்திலிருந்த உரிமையை இழந்தாள். வாயிலைத் திறந்து, வழியில் முள்ளை இட்டது போன்றதன்றோ இது!

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. வீரப் பதக்கம் பெற்ற பாரதப் போர்வீரனின் விதவை மறுமணஞ் செய்தால், பதக்கத்திற்குரிய மாதப்படி நின்றுவிடும். இறந்தவனின் சகோதரனை மணந்தால் மட்டுமே தொடரும். இந்நிபந்தனை 2017இலேதான் நீக்கப்பட்டது. அங்கே மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளற்ற விதவை, மறுமணத்தின் பின்னும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம் என்ற விதி 2006 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அவளுடைய சொந்த வருமானம் குறித்த எல்லையைத் தாண்டலாகாது. பிரித்தானியாவிலும், 2015 ஏப்பிரல் முதல், படைவீரரின் விதவைகள் மறுமணத்தால் ஓய்வூதியத்தை இழப்பதில்லை.

பொதுநிதி வரையறையுடையது, வசதியுள்ளவளுக்கு அதனை ஏன் வழங்கவேண்டும் என்பர் சிலர். நியாயமான வினாவே. ஆயின் அவள் வருமானத்தை அளக்கட்டும், தாலியை அளக்கவேண்டாம். மணத்திற்குத் தண்டனை விதித்தால், இளம் விதவை தனிமையை ஏற்பாள். அல்லது பதிவற்ற மணத்தில் மறைந்து வாழ்வாள். இரண்டும் சமூகத்திற்கு அழகல்ல.

கந்தோர்களில் கடமையாற்றும் பழைய மாணவர்களே! உங்கள் நிதியின் விதிகளை இன்றே மனைவியருக்கு விளக்குங்கள். விவாகப் பதிவையும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் செம்மையாக வைத்திருங்கள். மாணவர்களே! நாளை சட்டமியற்றும் இடத்தில் நீங்கள் அமர்ந்தால், கைம்பெண்ணின் கண்ணீரை மட்டுமன்றி அவளது மறுவாழ்வையும் மதியுங்கள்.