மெருகும் மூச்சும்

செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்றில் நுழைந்து பழைய வீடு ஒன்றன்முன் நிற்பார்க்கு முதலிற் புலப்படுவது அதன் நிலைக்கதவே ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் எழுப்பிய மாளிகைகளுக்குப் பர்மா நாட்டுத் தேக்கு கடல்கடந்து வந்தது. அம்மரத்தில் உளி பட்ட இடமெல்லாம் கொடியாயிற்று, கிளியாயிற்று, யாளியாயிற்று. நிலையின் மேற்புறத்தே இருபுறமும் யானைகள் நீர் சொரியத் திருமகள் வீற்றிருப்பாள். இத்தகைய கதவுகள் பல தலைமுறைகளின் வெயிலையும் மழைச்சாரலையும் கண்டு நிறம் மங்கியுள்ளன. அவற்றைத் தேய்த்து, மெருகிட்டு, மீண்டும் பொலிவுறச் செய்வது இக்காலத்து இவ்வட்டாரத் தச்சர்க்கு வாய்த்துள்ள தொழில்களுள் ஒன்று. காரைக்குடியின் பழம்பொருட் கடைகளுக்கும் இத்தகைய வேலை உண்டு.

முற்காலத்தில் இழைப்புளியும் உப்புத்தாளும் தச்சருடைய கையுமே இதற்குக் கருவிகளாக இருந்தன. உப்புத்தாள் வருமுன்னர்ச் சொரசொரப்பான ஒருவகை அத்தி மரத்தின் இலையைக் கொண்டும், கடற்கரை நாடுகளில் சுறாமீனின் தோலைக் கொண்டும் மரத்தைத் தேய்த்தனர். இன்றோ மின்னாற்றலால் இயங்கும் தேய்ப்பு எந்திரம் வந்துவிட்டது. பட்டறைகளில் இதனைச் 'சாண்டர்' என்பர். ஒரு கையால் பிடிக்கத்தக்க இச்சிறு பொறியின் அடித்தகட்டில் உப்புத்தாளின் கால்பங்கையோ அரைப்பங்கையோ மாட்டி, இருமுனைகளையும் கவ்விகளால் இறுக்குவர். பொத்தானை அழுத்தியவுடன் தகடு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறுசிறு வட்டங்களாக நிமிடத்திற்குப் பதினாயிரம் முறைக்கு மேல் அதிர்ந்து சுழலும். முழுநாள் வேலை ஓரிரு மணி நேரத்தில் முடியும். தோள்வலி குறையும்; கூலியும் மிஞ்சும். ஆதலின் இதனைப் பழித்துரைப்பது அறியாமையாகும். ஆயினும், எந்திரத்தை விலைகொடுத்து வாங்கும் ஆர்வத்தில் பாதியேனும் அதனால் எழும் தூசியைப் பற்றி எண்ணுவதில் பலர்க்கு இல்லை. அக்குறை நீங்குதல் வேண்டும்.

காரைக்குடி வட்டாரத்து வலையபட்டியில் பழைய வீடொன்றின் கதவைப் புதுப்பிக்கத் தச்சர் ஒருவர் அழைக்கப்படுவதாகக் கொள்க. அவர் தம் துண்டை மூக்கின்மேல் சுற்றிக்கொண்டு வளவிலே அமர்ந்து எந்திரத்தை முடுக்குகிறார். வீட்டுப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்க்கின்றனர். சற்று நேரத்தில் வெயிற்கதிரில் பொன்துகள் போலத் தூசி மிதக்கிறது. கண்ணுக்குத் தெரிகின்ற அத்துகள் பெரும்பாலும் கீழே விழுந்துவிடும்; அல்லது மூக்கின் மயிரிலும் சளியிலும் சிக்கி நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூளே அஞ்சத்தக்கது. அது நெடுநேரம் காற்றில் நின்று, மூச்சுடன் கலந்து, நுரையீரலின் ஆழ்ந்த பகுதி வரை செல்லும் வன்மையுடையது. துண்டின் நெசவு இடைவெளி அதற்கு அகன்ற வாயில்.

“எங்கள் பாட்டனார் முகமூடி அணிந்தா வேலை செய்தார்? அவர் எண்பது வயது வரை வாழவில்லையா?” என்று வினவுவாரும் உளர். வினா நியாயமானதே. விடையும் எளிது. பாட்டனார் கையில் இருந்தது இழைப்புளி. அது மரத்தைச் சுருள் சுருளாகச் சீவிற்று. சுருள் காலடியில் விழுந்தது. அவர் உப்புத்தாளை எடுத்தது இறுதியில் சிறிது நேரமே. இன்றைய எந்திரமோ முதலிலிருந்து இறுதிவரை மரத்தைப் பொடியாகவே ஆக்குகிறது. அவர் ஒரு திங்களில் எழுப்பிய நுண்தூளைப் பேரன் ஒரு முற்பகலிலேயே எழுப்பிவிடக் கூடும். கருவி மாறியபின் காவல் மட்டும் மாறாதிருத்தல் எவ்வாறு பொருந்தும்? மேலும், நெடுநாள் வாழ்ந்த பாட்டனாரை ஊர் நினைவிற் கொள்கிறது. இருமி இருமி இளமையில் மாண்டவரை அவ்வாறு எடுத்துக்காட்டுவார் இலர்.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்டார். நோயாளியின் உடலை மட்டும் நோக்காது, அவர் செய்யும் தொழில் யாதென்றும் கேட்டறிதல் வேண்டும் என்பது அவர் மருத்துவர்க்குக் கூறிய அறிவுரை. அவ்வினாவின் அருமை இங்கிலாந்து நாட்டின் ஹை விக்கம் என்னும் ஊரில் நன்கு விளங்கிற்று. நாற்காலி செய்வதிற் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே மூக்கு, தொண்டை மருத்துவராகப் பணியாற்றிய எஸ்மி ஹாட்ஃபீல்டு என்னும் அம்மையார், மூக்கின் உட்பகுதியில் அரிய வகைப் புற்றுநோயுற்று வருவோருள் தச்சுத்தொழிலாளர் மிகுந்திருக்கக் கண்டார். அவரும் ஆச்சிசன் முதலிய அறிஞரும் இணைந்து ஆராய்ந்து, 1968இல் தம் முடிபினைப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். மரத்தூசியில் உழைத்தோர்க்கு அந்நோய் பிறரினும் பன்மடங்கு மிகுதியாக உண்டாதல் அவ்வாராய்ச்சியால் தெளிவாயிற்று. 1995இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசி மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பதே என்று ஐயமின்றி வகுத்துரைத்தது.

இதில் கொடுமை யாதெனின், தூசி பட்ட நாளில் நோய் வருவதில்லை. பெரும்பாலும் முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே வருகிறது. உளி தவறினால் குருதி உடனே வழியும். தச்சர் அடுத்தமுறை விழிப்புடன் இருப்பார். தூசியோ அவ்வாறு எச்சரிப்பதில்லை. இருபது வயதில் சுவாசித்ததற்கு அறுபது வயதில் விலை கேட்கும் கடன்காரன் அது. புற்றுநோய் எல்லார்க்கும் வருவதன்று என்பது உண்மையே. எனினும் ஆஸ்துமாவும் ஓயாத மூக்கடைப்பும் அத்துணை அரியன அல்ல. தேக்கு, தோதகத்தி ஆகிய மரங்களின் தூள் சிலருடைய தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். செட்டிநாட்டின் பெருமைக்குரிய மரங்களே இவை என்பதை மறத்தல் ஆகாது.

பழைய வண்ணப்பூச்சு இதனினும் கொடிது. மாளிகைகளின் சன்னல்களிலும் கதவுகளிலும் அடுக்கடுக்காகப் பூசப்பட்ட பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்துலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2016இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சு எதுவாயினும் ஐயத்திற்குரியதே. அதனை எந்திரத்தால் உலரத் தேய்த்தால் ஈயம் பொடியாகி, முற்றத்திலும் திண்ணையிலும் தண்ணீர்க் குடத்திலும் படியும். தவழும் குழந்தை தரையிற் கைவைத்து, அக்கையை வாயில் வைக்கும். சிறுவர்களுடைய மூளையின் வளர்ச்சியைத் தடுப்பது ஈயம். ஒருமுறை கெட்டதனை மீட்கும் மருந்தும் இல்லை. ஆகவே, பழைய வண்ணத்தின்மீது தேய்ப்பு எந்திரத்தை வைத்தலே தகாது. நீர் தெளித்து நனைத்து, மின்கருவி எதுவும் இன்றிக் கையாலே சுரண்டி, சுரண்டியதைத் துணியில் ஏந்திப் பையிற் கட்டி அகற்றுதலே நன்று. நெருப்புக் காட்டி உரிப்பதும் கூடாது. ஈயம் புகையாக எழும்.

இனி, எந்திரத்தைக் கையாளும் முறை. வீட்டின் நடுவேயுள்ள வளவு வான்நோக்கித் திறந்திருப்பினும், அதனைச் சூழ அறைகளே இருத்தலின் தூசி அனைத்தும் உள்ளேயே சுழலும். கதவைக் கழற்றி இயலுமாயின் புறத்தே மரநிழலுக்குக் கொண்டுசென்று, காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு நின்று தேய்த்தல் சிறந்தது. எந்திரத்தின் அடித்தகட்டில் துளைகள் இருப்பின், உப்புத்தாளிலும் அவற்றிற்கு நேராகத் துளையிடல் வேண்டும். அத்துளைகளின் வழியே தூசி உறிஞ்சப்பட்டுப் பின்னுள்ள பையில் சேரும். துளையிடாத தாளை மாட்டிவிட்டுப் பை நிரம்பவில்லையே என மகிழ்வாரும் உண்டு! பையும் பாதி நிரம்பியதுமே வெறுமையாக்கப்படல் வேண்டும். தூசி உறிஞ்சும் பொறியொன்றைக் குழாயால் இணைத்துவிடின் இன்னும் நன்று.

முகமூடியும் நுண்தூளைத் தடுக்கவல்லதாக இருத்தல் இன்றியமையாதது. எஃப்.எஃப்.பி.2 அல்லது என்95 எனக் குறிக்கப்பெற்றவை ஏற்றவை. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 9473 என்னும் எண்ணையும் நோக்கி வாங்கலாம். அதன் இரண்டு பட்டைகளையும் மாட்டி, மூக்கின்மேல் உள்ள கம்பியை அழுத்தி, கன்னத்தில் இடைவெளி இல்லாதவாறு அணிதல் வேண்டும். தாடி அடர்ந்திருப்பின் அது முகத்தோடு பொருந்தாது. சித்திரை வெயிலில் முகமூடி வியர்க்கும்; மூச்சும் சற்று முட்டும். அதனை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. விடியற்காலையில் தேய்ப்பு வேலையையும், வெயிலேறிய பின் பொருத்தும் வேலையையும் வைத்துக்கொண்டால் அத்துன்பம் குறையும். கண்ணாடியும் காதடைப்பும் உடன் வேண்டும்.

எந்திரத்தை மரத்தின்மேல் வைத்து அழுத்துதல் புதியவர் பலர்க்கு இயல்பு. அழுத்தினால் விரைந்து தேயும் என்பது அவர்தம் எண்ணம். உண்மையோ நேர்மாறானது. அழுத்தத்தால் சுழற்சி குன்றும், மின்னோடி சூடேறும், மரத்தில் சுழிச்சுழியாகக் கீறல் விழும். எந்திரத்தின் எடையும் கையின் எடையுமே போதும். முடுக்கிய பின்னரே மரத்தில் மெல்ல வைத்து, இழையோட்டத்தின் வழியே நகர்த்தி, மரத்தினின்று உயர்த்திய பின்னரே நிறுத்துதல் முறை. எண் 80 உடைய முரட்டுத்தாளில் தொடங்கி 120, 180 எனப் படிப்படியாக நுண்மைக்குச் செல்லல் வேண்டும். தொடங்குமுன் பழைய ஆணிகள் புதைந்துள்ளனவா எனத் தடவிப் பார்ப்பது நன்று. ஆணியில் தாள் கிழியும், பொறியும் பறக்கும். சிறு துண்டாயின் கையிற் பிடித்துத் தேய்க்காமல் மேசையோடு இறுக்குதல் வேண்டும். அதிர்ச்சியால் விரல் மரத்துப்போகாதிருக்க இடையிடையே ஓய்வு கொள்ளுதலும் வேலையின் ஒரு பகுதியே.

தாள் மாற்றுமுன் பொத்தானை நிறுத்துவது மட்டும் போதாது. மின்செருகியையே பிடுங்கிவிடல் வேண்டும். சில எந்திரங்களின் பொத்தான் அழுந்தியபடியே நிற்கும் பூட்டுடையது. அதனை நோக்காது செருகியவுடன் எந்திரம் தானே துள்ளும். கம்பி தோளுக்குப் பின்புறமாகச் செல்லட்டும். கம்பியின் உறை கிழிந்திருக்க, அதனைத் துணியாற் சுற்றிப் பயன்படுத்துவதும், செருகியின்றி வெறுங்கம்பிகளைத் தீக்குச்சியால் துளையிற் செருகுவதும் நம் பட்டறைகளில் காணாத காட்சிகள் அல்ல. 230 வோல்ட்டு மின்சாரம் தச்சரின் திறமையை அறியாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புக்கருவி வீட்டில் இருத்தல் நலம். சாதாரண எந்திரத்தை நனைந்த மரத்தில் பயன்படுத்தலும் ஆகாது.

அரக்கைச் சாராயத்தில் கரைத்து மெருகிடுதல் பழைய வழக்கம். அச்சாராய ஆவி எளிதில் தீப்பற்றும்; எந்திரத்தின் மின்னோடியோ உள்ளே பொறி தெறிப்பது. ஆதலின் ஒருவர் மெருகிடும் இடத்தில் மற்றொருவர் தேய்த்தல் கூடாது. பீடிக்கும் அங்கே இடமில்லை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறி எரியத் தொடங்கும். அதனை விரித்து உலர்த்துதல் அல்லது நீரில் அமிழ்த்துதல் வேண்டும்.

செதுக்கு வேலைப்பாட்டிற்கு இவ்வெந்திரம் பகை என்பதையும் கூறாதிருத்தல் இயலாது. சமதளமே அதற்குரிய களம். கிளியின் மூக்கிலும் கொடியின் நுனியிலும் அதனை ஓட்டினால், சிற்பி பல நாள் உழைத்து அமைத்த கூர்மை ஒரு நொடியில் மழுங்கும். அங்கே மடித்த உப்புத்தாளும் பொறுமையுமே வேண்டும். விரைவு விரைவு என்று தச்சரை நெருக்கும் வீட்டுக்காரர், தம் முன்னோர் தேடிய செல்வத்தைத் தாமே தேய்த்தழிக்கின்றார்.

இவை அனைத்தையும் தச்சர் ஒருவரே மேற்கொள்ளல் வேண்டும் என்பது முறையாகுமா? பெரிய ஆலைகளில் தொழிலாளரைக் காக்கச் சட்டம் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை பயன்படுத்தும் இடத்தில் பத்துப்பேர் பணிபுரிந்தால் அதனைத் தொழிற்சாலை என வகுத்தது. 2020இல் இயற்றப்பட்ட சட்டத்தொகுப்பு அவ்வெல்லையை இருபதாக உயர்த்தியது. தாமும் ஓர் இளைஞனுமாக வீடுவீடாகச் சென்று வேலை செய்யும் தச்சர் இவ்வெல்லையின் புறத்தே நிற்கின்றார். அவர்க்கு முகமூடி தருமாறு ஆணையிடும் அதிகாரி எவரும் வந்து நிற்பதில்லை. வேலை கொடுக்கும் வீட்டுக்காரரே அப்பொறுப்பை ஏற்றல் தகும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்பொழுது, தச்சர் ஓய்வுகொள்ளும் ஒவ்வொரு நொடியும் அவர்க்கே இழப்பாகிறது. முகமூடி மாற்றும் நேரமும் இழப்பாகிறது. நாட்கூலியாகப் பேசினால் அந்நெருக்கடி தளரும்.

வரவுசெலவைக் காசு விடாது எழுதிவைப்பதில் நகரத்தார் புகழ்பெற்றவர். அவ்வழியில் கதவைப் புதுப்பிக்கும் கணக்கில் உப்புத்தாள், அரக்கு, எண்ணெய் என்பவற்றோடு இரண்டு முகமூடியும் ஒரு கண்ணாடியும் ஒரு சவர்க்காரக் கட்டியும் எழுதப்படலாம். சவர்க்காரம் எதற்கெனின், மாலையில் வேலை முடிந்ததும் தச்சரும் அவருடன் வந்த இளைஞனும் கிணற்றடியிலேயே கைமுகம் கழுவி, தூசி படிந்த சட்டையை மாற்றிக்கொண்டு செல்வதற்கு. அவர்கள் வீட்டிலும் தவழும் குழந்தைகள் உண்டு.