எலும்பில் பரவிய புற்றுநோயும் நம் பணிவிடையும்

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் முற்றும்போது முதுகெலும்பு, இடுப்பு, தொடை எலும்புகளுக்குப் பரவுவதுண்டு. எலும்பு முறிந்துவிடுமென அஞ்சி நோயாளியைக் கட்டிலோடு கிடத்துவதையே பணிவிடையென நம் குடும்பங்கள் கருதுகின்றன. அன்புதான், ஆயினும் தீங்கு செய்யும் அன்பு. படுத்தே கிடப்பவரின் தசை வற்றுகிறது, படுக்கைப்புண் வருகிறது. பின்னர் எழும் நாளில் தள்ளாடி விழுகிறார். அஞ்சிய முறிவு அப்போது நேர்கிறது.

எந்த எலும்பு எவ்வளவு அரிக்கப்பட்டுள்ளது என்பதை மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கேட்டறிந்தபின், சமதரையில் நடப்பதும் நாற்காலியிலிருந்து எழுந்தமர்வதும் பலருக்கு இயலும். முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர் குதிப்பதும், பளு தூக்குவதும், முதுகை முறுக்குவதும், ஆழக் குனிவதும் கூடாது.

ஆழக் குனிதல் என்றால் ருகூவும் ஸுஜூதும் அதில் அடங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஸுஜூது செய்வதைத் தக்வா என்று பாராட்டுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் பதிவாகியுள்ளது. நாற்காலியில் தொழுபவரைக் கண்டு பள்ளிவாசலில் எவரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமற்போனாலோ, விடியட்டுமெனக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.